வாளலகு ரீங்காரச்சிட்டு: உடம்பைவிட நீளமான அலகு உண்மையா?

கேள்வி | 6 ஜனவரி 2024, மாலை 6.10

ஒரு படம் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சை நிறச் சின்னப் பறவை, உடம்பைவிட நீளமான அலகு, அதை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. கீழே "வாளலகு ரீங்காரச்சிட்டு, ஆண்டீஸ் மலை" என்று போட்டிருக்கிறார்கள். கணினியில் நீட்டிய படம் என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு நீள அலகோடு எப்படிச் சிறகு கோதும்? எப்படிச் சண்டை போடும்? இப்படி ஒரு பறவை பிழைக்கவே முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி 2024, இரவு 9.35

படம் உண்மை. பறவையின் அறிவியல் பெயர் என்சிஃபெரா என்சிஃபெரா. அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. 1840-இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் புவாசொன்னோ இதை விவரித்தார். வெனிசுவேலா தொடங்கி கொலம்பியா, எக்வடோர், பெரு வழியாகப் பொலிவியா வரை, ஆண்டீஸின் ஈரமான மலைக்காடுகளில் வாழ்கிறது. 1,700 மீட்டரிலும் பதிவுகள் உண்டு, ஆனால் 2,400 மீட்டருக்கு மேலே போனால்தான் பார்க்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

அலகை விட்டுவிட்டு அளந்தால் 13 முதல் 14 செ.மீ. எடை 12 கிராம் அளவு. அலகு மட்டும் 8 முதல் 11 செ.மீ.

"உடம்பைவிட நீளம்" என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வாலைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். வாலையும் சேர்த்தால் உடம்புதான் நீளம். வாலை விட்டுப் பார்த்தால், மிச்ச உடம்பைவிட நீளமான அலகுள்ள பறவை உலகத்தில் இது ஒன்றே. வெறும் செ.மீ. கணக்கில் மிக நீளமான அலகு ஆஸ்திரேலியக் கூழைக்கடாவுக்கு.

6 ஜனவரி 2024, இரவு 10.20

படம் போலியா என்று சோதிக்க நான்கு இடங்களைப் பாருங்கள். அலகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்காது, நுனிப் பக்கம் லேசாக மேல்நோக்கி வளையும். கண்ணுக்குப் பின்னால் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். வால் பிளவுபட்டிருக்கும். ஆணுக்குத் தலை வெண்கல நிறம், தொண்டை இருண்டிருக்கும். பெண்ணுக்கு அடிப்பக்கம் வெளிறி, பச்சைப் புள்ளிகள் தெளித்திருக்கும். நீங்கள் சொல்லும் படத்தில் அலகைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். அதுவே ஒரு நல்ல அடையாளம். கிடைமட்டமாக நீட்டி வைத்தால் அலகின் முழுப் பளுவும் கழுத்துத் தசையில் விழும். செங்குத்தாகத் தூக்கினால் அந்தப் பளு உடம்புக்கு நேர்மேலே வந்துவிடும். ஓய்வில் அது அப்படித்தான் உட்காரும்.

7 ஜனவரி 2024, காலை 7.05

சிறகு கோதுவது பற்றி. அலகு நுனி தன் மார்பையே எட்டாது என்பது சரிதான். ஆகவே பெரும்பாலும் காலால் சொறிந்துகொள்கிறது: சிறகுக்கு மேலாகக் காலைத் தூக்கி, நகத்தால் கழுத்தையும் மார்பையும் வாரிவிடும். நீளமான அலகுள்ள பறவையினங்கள் பொதுவாகவே கோதுவதில் அலகின் வேலையைக் குறைத்து, காலின் வேலையைக் கூட்டிக்கொள்கின்றன என்று 1994-இல் பல இனங்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். சிறகு கோதுவது அழகுக்காக நடப்பதில்லை. இறகுப் பேனை அகற்றாவிட்டால் இறகு கெடும். இறகு கெட்டால் அந்தரத்தில் நிற்க முடியாது. அந்தரத்தில் நிற்க முடியாத ரீங்காரச்சிட்டு ஒரு நாள்கூடத் தாங்காது. அவ்வளவு பெரிய அசௌகரியத்தை ஏற்றுக்கொண்டு இந்த அலகு வளர்ந்திருக்கிறது என்றால், அதற்கு ஈடாக என்னவோ கிடைத்திருக்க வேண்டும்.

கிடைத்தது ஒரு கொடி. சாயங்காலம் எழுதுகிறேன்.

7 ஜனவரி 2024, மாலை 6.50

பாசிஃப்ளோரா மிக்ஸ்டா. நம் தாட்பூட் பழத்தின் (இலங்கையில் கொடித்தோடை) குடும்பம். நம் ஊர்ச் சிறுபூனைக்காலியும் இதே பேரினம்தான். அந்தப் பூவில் நடுவட்டத்தில் நூல்நூலாக ஒரு குஞ்சம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆண்டீஸ் மலை மேலே இருக்கும் டாக்சோனியா பிரிவில் அந்தக் குஞ்சம் ஏறக்குறைய மறைந்து வெறும் மேடுகளாகச் சுருங்கிவிட்டது. அதற்குப் பதில் பூவின் அடி நீண்ட குழாயாகிவிட்டது. மிக்ஸ்டாவில் அந்தக் குழாய் பத்து செ.மீ. அளவுக்கு வரும். தேன் குழாயின் அடியில் இருக்கும்.

பூவின் அமைப்பைக் கவனியுங்கள். ஐந்து மகரந்தப் பைகளும் மூன்று சூல்முடிகளும் ஒரே தண்டில் ஏறி, குழாயின் வாயைத் தாண்டி வெளியே நிற்கின்றன. தேனை எட்ட வேண்டுமானால் பறவை அலகு முழுவதையும் உள்ளே விட்டு, முகத்தைக் குழாய் வாயில் கொண்டுபோய் முட்ட வேண்டும். முட்டினால்தான் மகரந்தம் முகத்தில் ஒட்டும். குழாய் சற்றுக் குட்டையாக இருந்தால் பறவை தள்ளி நின்றே குடித்துவிட்டுப் போய்விடும், பூவுக்குக் காய் இல்லை. அலகு சற்றுக் குட்டையாக இருந்தால் தேன் எட்டாது, பறவைக்குப் பட்டினி. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டதற்குக் காரணம் இந்த இழுபறிதான் என்பது பரவலான கருத்து. மடகாஸ்கரில் ஒரு ஆர்க்கிடின் ஓரடி நீளத் தேன்குழலைப் பார்த்துவிட்டு, இதற்கு ஏற்ற நீள உறிஞ்சுகுழலோடு ஓர் அந்துப்பூச்சி இருந்தே ஆக வேண்டும் என்று 1862-இல் டார்வின் எழுதினார். 1903-இல் அந்தப் பூச்சிக்குப் பெயர் சூட்டப்பட்டது. ஆண்டீஸில் அந்தப் பூச்சியின் இடத்தில் ஒரு பறவை இருக்கிறது.

8 ஜனவரி 2024, இரவு 8.15

"அப்படியானால் பறவை அழிந்தால் கொடியும் அழியும், கொடி அழிந்தால் பறவையும் அழியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாவது பாதியை அப்படியே ஏற்க முடியாது. சார்பு இரண்டு பக்கமும் சமமாக இல்லை. பாசிஃப்ளோரா மிக்ஸ்டாவுக்கு மகரந்தம் கொண்டுபோக இந்தப் பறவையை விட்டால் நம்பிக்கையான ஆள் கிடையாது. பறவைக்கோ வேறு பூக்களும் உண்டு: செம்புருக்மான்சியா, நீளக் குழல் ஃபூசியாக்கள், ஏட்டாந்தஸ் என்ற புல்லுருவி. பூச்சியும் பிடிக்கும். ஆக, பறவை போனால் கொடி வாரிசில்லாமல் நிற்கும். கொடி போனால் பறவை மெலியும், வேறு பூ தேடும்.

கொடி வகைகளும் எல்லாக் காலத்துக்கும் இந்தப் பறவையிடம் கட்டுப்பட்டுக் கிடக்கவில்லை. 2014-இல் வெளிவந்த மரபுவழி ஆய்வு ஒன்று, இந்தக் கூட்டு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று கணக்கிட்டது. அதற்குப் பிறகு டாக்சோனியா பிரிவிலேயே சில இனங்கள் குழாயைக் குட்டையாக்கிக்கொண்டு வேறு ரீங்காரச்சிட்டுகளிடம் போயிருக்கின்றன, சில வௌவால்களிடம் போயிருக்கின்றன. இந்தத் தகவல் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அதீதச் சிறப்புத் தகவமைப்பு என்பது ஒருவழிப் பாதை என்று பள்ளிப் பாடம் படித்தவர்கள் பலர் நம்புகிறோம். இந்தக் கொடிகள் அதிலிருந்து திரும்பி வந்திருக்கின்றன.

9 ஜனவரி 2024, காலை 6.40

திருட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பூக்கதை பாதிதான்.

அதே காட்டில் டிக்லோசா என்ற பூத்துளைப்பான்கள் இருக்கின்றன. மேலலகு நுனியில் கொக்கி, கீழலகு ஊசி. கொக்கியால் பூக்குழாயைப் பிடித்துக்கொண்டு, ஊசியால் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துவிடும். மகரந்தப் பக்கம் தலைகாட்டாது. அந்த ஓட்டையைப் பின்னால் வரும் குட்டை அலகு ரீங்காரச்சிட்டுகளும் பயன்படுத்திக்கொள்ளும். எனவே களத்தில் ஒரு டாக்சோனியா கொடியைப் பார்த்தால் முதலில் பூவின் வாயைப் பார்க்காதீர்கள். காம்பை ஒட்டிய அடியைப் பாருங்கள். ஓரம் பழுப்பான சிறு கீறல் இருந்தால் அது துளைக்கப்பட்ட பூ. பெரும்பாலான பூக்கள் அப்படி இருந்தால் அங்கே வாளலகுக்காகக் காத்திருப்பது வீண். அது வரும், அலகை விடும், உடனே உருவிக்கொண்டு போய்விடும். கீறல் இல்லாத, அன்றைக்கு விரிந்த பூக்கள் இருக்கும் கொடியைத் தேடி அங்கே நில்லுங்கள்.

இது ஒரு பூங்கொத்தைக் காவல் காக்கும் பறவையும் இல்லை. தனித்தனியாக, தொலைவு தொலைவாகப் பூக்கும் கொடிகளை ஒரு சுற்றுப்பாதையாக வைத்துக்கொண்டு போய் வருகிறது. ஆகவே ஒருமுறை வந்துவிட்டுப் போனால் இடத்தை மாற்றாதீர்கள். அதே பூவுக்குத் திரும்பி வரும்.

9 ஜனவரி 2024, இரவு 10.05

சண்டை பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வேறு ரீங்காரச்சிட்டு எட்ட முடியாத தேனை எடுப்பதால் பூவுக்காக மல்லுக்கு நிற்க வேண்டிய தேவை குறைவு. காவல் காப்பது கொத்துக்கொத்தாகப் பூக்கும் செடியில் வாழும் குட்டை அலகுக்காரர்களின் வேலை.

11 ஜனவரி 2024, மாலை 7.30

நாக்கு எப்படி அவ்வளவு தூரம் போகிறது என்ற கேள்விக்கு: நாக்கைத் தாங்கும் எலும்பின் இரண்டு கொம்புகளும் மண்டையோட்டைப் பின்பக்கமாகச் சுற்றி, உச்சி வழியாக நெற்றி வரை வந்து கிடக்கின்றன. மரங்கொத்திக்கும் இதே ஏற்பாடு. நாக்கை நீட்டும்போது அந்தக் கொம்புகள் முன்னால் சறுக்கி வருகின்றன.

உறிஞ்சுவதாகப் பலர் எழுதுகிறார்கள். ரீங்காரச்சிட்டு எதுவும் உறிஞ்சுவதில்லை. நுண்குழாயில் நீர் தானாக ஏறுவதுபோல் தேன் நாக்கில் ஏறுகிறது என்று 1833 முதல் நம்பியிருந்தார்கள். கொலம்பியாவைச் சேர்ந்த அலெஹாந்திரோ ரிகோ-குவேவாராவும் மார்கரெட் ருபேகாவும் 2011-இல் அதிவேகக் காமிராவில் பிடித்துக் காட்டியது வேறு. நாக்கு நுனி இரண்டாகப் பிரிந்தது, ஓரங்களில் மெல்லிய சவ்வுச் சரிகை. தேனுக்குள் போனதும் சரிகை விரிகிறது, வெளியே இழுக்கும்போது தானாகச் சுருண்டு தேனைச் சிறைபிடிக்கிறது. 2015-இல் இன்னொரு பாதியும் தெரிந்தது: நாக்கு அலகிலிருந்து வெளியே வரும்போது அதன் இரண்டு பள்ளங்களும் நசுங்கித் தட்டையாகின்றன, தேனைத் தொட்டதும் விரிந்து தேனை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. நொடிக்குப் பத்து முறைக்கு மேல் இது நடக்கும்.

வாளலகுக்குக் கூடுதல் சிரமம் உண்டு. எடுத்த தேனை அலகின் நுனியிலிருந்து தொண்டை வரை அந்த முழு நீளத்துக்கும் கொண்டுவர வேண்டும்.

14 ஜனவரி 2024, காலை 9.20

கொடைக்கானலிலிருந்து ஒருவர் பூப்படம் அனுப்பியிருக்கிறார்: இளஞ்சிவப்பு, தொங்கும் நீளக் குழல், காய் பிஞ்சு வாழைப்பழம்போல் இருக்கிறது. "இது அந்தப் பூவா? அப்படியானால் அந்தப் பறவையும் இங்கே வருமா?"

மிக்ஸ்டா இல்லை, அதன் நெருங்கிய உறவு. வாழைப்பழ வடிவக் காய் உள்ள டாக்சோனியா. கொலம்பியாவில் இதன் வகைகளைக் குருபா என்றும், எக்வடோரில் டாக்சோ என்றும், பெருவில் தும்போ என்றும் சொல்லி ஜூஸ் போடுகிறார்கள். பழத்துக்காகவும் அழகுக்காகவும் உலகம் முழுக்க மலைவாசத் தலங்களுக்குக் கொண்டுபோனார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோட்டத்தைத் தாண்டிச் சோலையோரம் படர்ந்திருப்பது அப்படி வந்ததுதான். ஹவாயில் இது காட்டையே மூடும் களைக்கொடியாகிவிட்டது.

பறவை வராது. ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. 360-க்கு மேற்பட்ட இனங்களில் ஒன்றுகூட நம் பக்கம் இல்லை. பறவை இல்லாமலே இந்தக் கொடி இங்கே காய்ப்பதற்குக் காரணம், இது தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் வகை. மேலும் மற்ற டாக்சோனியாக்களைவிட இதன் குழாய் குட்டை. ஊர்விட்டு ஊர் போய்ப் பெருகியது இந்த வகை என்பதில் வியப்பில்லை. முழுக்கப் பறவையை நம்பியிருக்கும் வகைக்கு அது முடியாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பூவின் அடியில் ஓட்டை தெரிகிறது. வாய் வழியாகத் தேனை எட்ட முடியாத நீளக் குழல் பூக்களைத் தேன்சிட்டுகளும் அடியில் துளைத்துக் குடிக்கும். நம் மலைகளில் தேன் குடிக்க நீளமான அலகு வைத்திருப்பது சிறு சிலந்திபிடிப்பான். அதன் அலகும் இந்தப் பறவையின் அலகில் பாதியைத் தொடாது.

14 ஜனவரி 2024, மாலை 5.45

இன்னொருவர்: "எங்கள் வீட்டு மாடியில் ரீங்காரச்சிட்டைப் பார்த்தேன், வீடியோ இருக்கிறது." வீடியோவில் இருப்பது பருந்து அந்துப்பூச்சி, மேக்ரோகிளாசம் பேரினம். பகலில் பறக்கும், பூ முன்னால் அந்தரத்தில் நிற்கும், விசிறிபோல் வாலும் இருக்கும். முன்னால் நீண்டிருப்பது உறிஞ்சுகுழல். வீடியோவை நிறுத்தி, தலையில் இரண்டு தடித்த உணர்கொம்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பூச்சி.

16 ஜனவரி 2024, இரவு 9.00

தேன்சிட்டும் ரீங்காரச்சிட்டும் சொந்தமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. தேன்சிட்டு குருவி, காகம் எல்லாம் அடங்கிய பாடும் பறவைகளின் வரிசை. ரீங்காரச்சிட்டுக்கு நெருங்கிய உறவு உழவாரன். சாயங்காலம் கோயில் கோபுரத்தைச் சுற்றிக் கீச்சிட்டுப் பறக்குமே, அதுதான்.

வேறுபாடு தோளில் இருக்கிறது. ரீங்காரச்சிட்டு மேலே தூக்கும் வீச்சில் சிறகைப் புரட்டிப்போட்டு அதிலிருந்தும் தூக்குவிசை எடுக்கிறது. 2005-இல் அளந்தபோது மொத்தத் தூக்குவிசையில் கால் பங்கு அந்த வீச்சிலிருந்து வந்தது. தேன்சிட்டு சில நொடிகள் படபடத்து நிற்கும், ஆனால் உட்கார்ந்து குடிப்பதுதான் அதற்கு வசதி. பூக்களும் அதைத் தெரிந்துவைத்திருக்கின்றன. ஆசிய, ஆப்பிரிக்கப் பறவைப் பூக்கள் பலவற்றில் உட்காரத் தண்டோ காம்போ கிடைக்கும். கல்யாண முருங்கையைப் பாருங்கள். ஆண்டீஸ் பூக்கள் காற்றில் தொங்குகின்றன, கால் வைக்க இடமே இல்லை. ஒரு பூவை வைத்தே அதற்கு வரும் பறவை நிற்குமா உட்காருமா என்று பல சமயம் சொல்லிவிடலாம்.

16 ஜனவரி 2024, இரவு 9.25

மேலே எழுதியதில் ஒரு சேர்க்கை. "அமெரிக்காவில் மட்டுமே" என்பது இன்றைய நிலை. தெற்கு ஜெர்மனியில், சுமார் 3 கோடி ஆண்டு பழைய களிமண் படிவில், நீள அலகும் அந்தரத்தில் நிற்கும் தோளும் உள்ள ரீங்காரச்சிட்டுப் புதைபடிவங்கள் கிடைத்தன. கெரால்ட் மாயர் 2004-இல் யூரோட்ரோகிலஸ் என்று பெயரிட்டார். பழைய உலகத்தில் இருந்து மறைந்தவை அவை. இன்றைய இனங்களின் மூதாதை தென் அமெரிக்காவில் காலூன்றியது சுமார் 2.2 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆண்டீஸ் உயர உயர இவையும் பெருகின.

19 ஜனவரி 2024, மாலை 6.15

செம்புருக்மான்சியா. மேலே ஒரு வரியில் தாண்டிவிட்டேன், அது போதாது.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா வேலிகளில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைக் குழல் பூ, ஊமத்தை இனம், பார்த்திருப்பீர்கள். அது இரவில் மணக்கும், அந்துப்பூச்சிக்கானது. அதன் ஆண்டீஸ் சகோதரி புருக்மான்சியா சாங்குவினியா: அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், வாயில் சிவப்பு, மணமே கிடையாது. பறவைக்கு மணம் தேவையில்லை, நிறம் போதும். வாளலகு இந்தப் பூவுக்குக் கீழே நின்று, அலகைச் செங்குத்தாக மேலே ஏற்றித் தலை மறையக் குடிக்கும்.

இந்தப் பேரினத்தின் எல்லா இனங்களையும் இயற்கையில் அற்றுப்போனவை என்று, அழியும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியல் வகைப்படுத்தியிருக்கிறது. காட்டில் தானாக முளைத்த செடி என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருப்பவை மனிதர் நட்டவையும் அவற்றிலிருந்து பரவியவையும். காய் இருக்கிறது, விதை இருக்கிறது, விதையைத் தூக்கிச் செல்லும் விலங்கு இல்லை. பழங்காலத்தில் அழிந்துபோன பெரிய விலங்கு ஏதோ அதைச் செய்திருக்கலாம் என்பது ஒரு கருதுகோள். ஆண்டீஸ் கிராமத்து மக்கள் கிளையை வெட்டி வேலியாக ஊன்றி ஊன்றித்தான் இது நிற்கிறது. அந்த வேலிகள் இந்தப் பறவைக்குச் சோறு போடுகின்றன. மலைக்காட்டைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்போது வேலியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எச்சரிக்கை: செடி முழுவதும் விஷம். ஸ்கோபாலமின், அட்ரோபின். தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பல மணி நேரம் பார்வை மங்கும். கிளை வெட்டினால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைக்கெட்டும் உயரத்தில் வேண்டாம்.

22 ஜனவரி 2024, காலை 8.00

எங்கே பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது.

எக்வடோர் எளிது. கித்தோ நகரிலிருந்து நோனோ சாலை வழியாகச் சுமார் ஒரு மணி நேரத்தில் யானகோச்சா காப்பகம். பிச்சிஞ்சா எரிமலைச் சரிவு, ஹோகோதோகோ அறக்கட்டளை நடத்துவது. பாதை சமதளம், 3,400 மீட்டரை ஒட்டிய உயரம், பறவைகள் குடிக்கச் சர்க்கரைநீர்க் கிண்ணங்கள் வழிநெடுக உண்டு. கித்தோவின் சின்னப் பறவையான கருமார்பு ரீங்காரச்சிட்டுக்காகவே உருவான காப்பகம் அது. கிழக்குச் சரிவில் பாப்பயாக்தாவைத் தாண்டிப் போனால் 2,700 மீட்டரில் குவாங்கோ. கொலம்பியாவில் பொகோட்டாவை ஒட்டிய லா கலேரா மலைப்பகுதி.

கடல்மட்டத்து ஊரிலிருந்து நேராக 3,400 மீட்டருக்குப் போகாதீர்கள். கித்தோவே 2,850 மீட்டர், அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டுப் போனால் தலைவலி, மூச்சுத்திணறல் குறையும். காலை ஏழு முதல் பத்து வரை நல்ல நேரம். மதியத்துக்குள் மேகம் இறங்கிவிடும். கையுறை அவசியம், விறைத்த விரலால் காமிரா பொத்தானை அழுத்த முடியாது.

22 ஜனவரி 2024, மாலை 7.10

படம் எடுப்பவர்களுக்கு. இந்தப் பறவையில் வழக்கமாக நடக்கும் கோளாறு இரண்டு: அலகு நுனி சட்டகத்துக்கு வெளியே போய்விடும், அல்லது கண் தெளிவாக இருக்கும்போது நுனி மங்கிவிடும்.

முழுச்சட்டகக் காமிரா, 300 மி.மீ. லென்ஸ், 3 மீட்டர் தூரம் என்றால் கிடைக்கும் அகலம் 36 செ.மீ. பறவை நுனி முதல் வால் வரை 23 செ.மீ. அளவு. இதற்கு மேல் நெருங்காதீர்கள். குவியப் புள்ளியை நட்டநடுவில் வைக்காமல் சற்றே வால் பக்கமாக வையுங்கள், அலகுக்கு இடம் விட்டுப்போகும். எஃப் 8-இல் தெளிவின் ஆழம் மொத்தம் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கண்ணில் குவித்தால் முன்பக்கம் சுமார் 2.4 செ.மீ.தான் மிச்சம். 10 செ.மீ. அலகு உங்கள் பக்கம் 14 டிகிரிக்கு மேல் திரும்பினால் நுனி போச்சு. ஆகவே பறவை முழுப் பக்கவாட்டில் நிற்கும் கணத்துக்குக் காத்திருங்கள். பூவை நோக்கிச் செங்கோணத்தில் நின்றாலே பாதி வேலை முடிந்தது.

ஷட்டர் 1/2000 வைத்தால் தலையும் அலகும் கூர்மை, சிறகு கலங்கும். எனக்கு அந்தக் கலக்கம் பிடிக்கும், அது பறவையின் உழைப்பைக் காட்டுகிறது. சிறகும் உறைய வேண்டுமானால் ஃபிளாஷை 1/16 அல்லது 1/32 திறனில் வைக்க வேண்டும், வெளிச்சம் அவ்வளவு குறுகிய நேரம் அடிக்கும். பல காப்பகங்களில் ஃபிளாஷ் கூடாது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

25 ஜனவரி 2024, இரவு 8.40

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்தில் கிண்ணம் வைத்திருக்கும் ஒருவர் சர்க்கரைநீர் அளவு கேட்டார். எல்லா ரீங்காரச்சிட்டுக்கும் இதே கணக்கு: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். எடையால் அளந்தால் 200 கிராமுக்கு 800 மி.லி., சரியாக 20 சதவீதம். கோப்பையால் அளந்தால் சற்று நீர்த்து 17, 18 சதவீதம் வரும், பரவாயில்லை. வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு ஊற்றவும்.

தேன் கூடாது, பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் கூடாது, அவற்றிலுள்ள இரும்பு இந்தப் பறவைகளின் உடம்பில் தேங்கும். சிவப்புச் சாயம் தேவையே இல்லை. வெயில் காலத்தில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், குளிரில் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவும். கலங்கினாலோ நூல்நூலாக மிதந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிடவும். கரும்பூஞ்சை ஒளிந்திருக்கும் இடம், பறவை அலகை விடும் துளையின் உட்பக்கம். பாட்டிலைக் கழுவிவிட்டுத் துளையை விட்டுவிடுபவர்களே அதிகம். மெல்லிய பிரஷ்ஷும் வெந்நீரும் போதும்.

வாளலகு வரும் மலையில் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் விஷயம். மற்றவை கிண்ணத்தை ஒட்டி நிற்கும், இது ஓர் அலகு நீளம் தள்ளி நின்று குடிக்க வேண்டும். சுவர், தூண், இன்னொரு கிண்ணம் எதுவும் ஒரு மீட்டருக்குள் இல்லாமல் தொங்கவிடுங்கள்.

நம் ஊர் மாடியில் இதை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், ஹமேலியா ஒரு செடி வையுங்கள். வெப்ப அமெரிக்காவில் ரீங்காரச்சிட்டுகள் குடிக்கும் பூ அது, சென்னை வெயிலில் ஆண்டு முழுக்கப் பூக்கும், ஊதாப்பிட்டத் தேன்சிட்டு விடியலிலேயே வந்துவிடும். சர்க்கரைநீர் கழுவும் வேலையும் இல்லை.

28 ஜனவரி 2024, இரவு 10.30

3,000 மீட்டரில் இரவு உறைபனிக்குப் பக்கத்தில் போகும்போது 12 கிராம் உடம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது இந்த இழையில் வந்த நல்ல கேள்வி. விறைதூக்கம். ரீங்காரச்சிட்டுகள் இரவில் உடம்புச் சூட்டைப் பகலின் 40 டிகிரியிலிருந்து இறக்கிவிடும், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஆயிரத்திலிருந்து ஐம்பது அளவுக்கு விழும். பெருவில் 3,800 மீட்டரில் கருப்பு மெட்டல்டெயில் என்ற இனத்தில் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை 2020-இல் பதிவு செய்தார்கள். பறவைகளில் அளந்ததில் அதுவே மிகக் குறைவு. அது வாளலகு இல்லை, பக்கத்து மலை உறவினர். அந்த எண்ணை வாளலகின் பெயரில் பரப்பும் பதிவுகளைப் பார்த்தால் திருத்துங்கள்.

விறைதூக்கத்திலிருந்து எழத் தசையை நடுக்கிச் சூடேற்ற வேண்டும், அதற்கு முதல்நாள் மாலை குடித்த தேன்தான் எரிபொருள். சாயங்கால வரவைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

2 பிப்ரவரி 2024, காலை 7.15

தோட்டத்துக் கொடியை வெட்டிவிடலாமா என்று கடைசியாகக் கேட்ட கொடைக்கானல் நண்பருக்கு. தோட்டத்துக் கொடியை முழுக்க வெட்ட வேண்டாம், பழம் நல்ல பழம். ஆனால் பழுத்ததைக் கீழே விழவிடாமல் பறித்துவிடுங்கள், குரங்கும் பறவையும் விதையைச் சோலைக்குக் கொண்டுபோகும். வேலிக்கு வெளியே முளைத்திருப்பதை மழை விட்ட மறுநாள் வேரோடு பிடுங்குவது எளிது. வெட்டி மட்டும் விட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிடுங்கிய கொடியை மரத்தில் தொங்கவிடாமல், மண்ணிலும் போடாமல், பாறை மேலோ சிமென்ட் தரையிலோ காயப்போடுங்கள்.